ஜவ்வரிசி ஆலைக் கழிவுநீரில் நுண்பாசி வளர்த்து டீசல் எடுக்க முடியுமா?

வளர்க்கலாம். ஆனால் டீசலை முதல் குறியாக வைக்காதீர்கள்.

சேலம், ஆத்தூர் பக்கம் மரவள்ளி அரைக்கும் ஆலைகளின் கழிவுநீர் புளித்த வாடை அடிக்கும். மாவுச்சத்து மிகுதி, அமிலத்தன்மை அதிகம், கிழங்கின் சயனைடும் கொஞ்சம் இருக்கும். அதில் நேரடியாகப் பாசியை விட்டால் பாக்டீரியாதான் முந்திக்கொள்ளும். முதலில் காற்றுப் புகாத தொட்டியில் செரிக்கவிட்டு பயோகேஸ் எடுங்கள். அங்கே பல ஆலைகள் ஏற்கெனவே செய்வதுதான். வெளியேறும் நீரில் மிஞ்சும் தழைச்சத்தும் மணிச்சத்தும் குளோரெல்லா என்ற நுண்பாசிக்குச் சாப்பாடு. ஒரு கிலோ பாசி வளர ஏறத்தாழ 1.8 கிலோ கரியமில வாயு வேண்டும். பயோகேஸ் எரித்த புகையையே ஆறவைத்துக் குமிழியாக விடலாம்.

சிக்கல் அறுவடையில். 20–30 செ.மீ. ஆழத் தொட்டியில் தண்ணீர் கரும்பச்சையாகத் தெரியும். ஒரு லிட்டரை வடித்தால் பெரும்பாலும் ஒரு கிராம்கூடத் தேறாது. துணியிலும் நிற்காது, அவ்வளவு நுண்ணிய செல்கள். பிரித்து, உலர்த்தி, எண்ணெய் எடுத்து டீசலாக்கும் செலவு டீசல் விலையைத் தாண்டிவிடும். ஈரப்பாசியை அப்படியே பயோகேஸ் தொட்டிக்குத் திருப்பிவிட்டால் கூடுதல் வாயு கிடைக்கும். இல்லையென்றால் வயலுக்கு உரம். என் யோசனை இதுதான். மீன் தீவனமாக்குவதென்றால், சயனைடும் கன உலோகங்களும் இல்லையென்று ஆய்வகத்தில் சோதித்த பிறகே.