"யாரையும் கட்டிப்போடவில்லையே, கையெழுத்திட்டால் என்ன?"

கேள்வி: நானூறு பேர் வேலை செய்யும் ஆடைத் தயாரிப்பு நிறுவனம் எங்களுடையது. வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் நாற்பது பக்கக் கேள்விப்படிவம் அனுப்பியிருக்கிறார். எங்களிடமும் எங்கள் சப்ளையர்களிடமும் நவீன அடிமைமுறை இல்லை என்று உறுதிமொழி கேட்கிறார். நாங்கள் யாரையும் கட்டிப்போட்டு வேலை வாங்கவில்லை. கையெழுத்திட்டு அனுப்பிவிடலாமா? ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்றால் எங்கே தொடங்குவது? கொள்முதல் பிரிவில் மொத்தமே மூன்று பேர்தான் இருக்கிறோம்.

பதில்: கையெழுத்தைச் சற்றுத் தள்ளிப்போடுங்கள். "கட்டிப்போட்டு" என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அந்தச் சொல்தான் பலரையும் ஏமாற்றிவிடுகிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1930ஆம் ஆண்டு உடன்படிக்கை கட்டாய உழைப்பை வரையறுக்கும்போது விலங்கைப் பற்றிப் பேசவில்லை. ஒருவர் தானாக முன்வராத வேலையை, ஏதோ ஒரு தண்டனையைக் காட்டி மிரட்டி வாங்குவதே கட்டாய உழைப்பு என்கிறது. சம்பளத்தை நிறுத்திவைப்பதும் அந்த மிரட்டலில் சேரும். அதே அமைப்பு பங்கேற்ற 2021ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி உலகில் 2.76 கோடிப் பேர் இந்த நிலையில் இருந்தார்கள். அவர்களில் பெரும்பான்மையோர் தனியார் துறையில்தான் வேலை செய்தார்கள்.

இன்றைய விலங்கு பெரும்பாலும் கடன்தான். ஊர் விட்டு ஊர் வரும் ஒருவர், வேலை வாங்கித் தரும் தரகருக்கு வட்டிக்கு வாங்கிப் பணம் கட்டுகிறார். வந்து சேர்ந்தபின் சொன்ன சம்பளம் ஒன்று, கைக்கு வருவது வேறு. வேலை பிடிக்காவிட்டாலும் அவரால் கிளம்ப முடியாது, ஏனென்றால் வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. தொழிற்சாலை முதலாளி யாரையும் அதட்டியிருக்கவே மாட்டார். தன் கூரையின் கீழ் ஒரு கொத்தடிமை இருக்கிறார் என்பதுகூட அவருக்குத் தெரியாமல் போகலாம்.

அதனால் நாற்பது பக்கத்தை மூடிவைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வியோடு தொடங்குங்கள்: "இந்த வேலைக்கு வர நீங்கள் யாருக்கு, எவ்வளவு கொடுத்தீர்கள்?" முதலில் உங்கள் வளாகத்துக்குள்ளேயே கேளுங்கள். தைப்பவர்களிடம் மட்டும் கேட்டால் போதாது. காவலாளி, துப்புரவுப் பணியாளர், சுமை ஏற்றுபவர், சமையல்கூடத்தில் இருப்பவர் ஆகியோர் உங்கள் சம்பளப் பட்டியலிலேயே இருக்க மாட்டார்கள். ஒப்பந்ததாரர் வழியாக வந்திருப்பார்கள். அவருக்குக் கீழே ஒரு துணை ஒப்பந்ததாரரும் இருக்கலாம். ஒப்பந்ததாரருக்கு நீங்கள் கொடுக்கும் தொகையை ஆள் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். வருகிற தொகை சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியத்துக்கே போதாது என்றால் மேற்கொண்டு விசாரணை எதற்கு? மீதிப் பணம் யாருடைய வயிற்றிலிருந்து எடுக்கப்படுகிறது என்பது கணக்கிலேயே தெரிந்துவிடும்.

அடுத்து, ஊதியச் சீட்டில் உள்ள பிடித்தங்கள். விடுதி, சாப்பாடு, சீருடை, முன்பணம் என்று வரிசையாக இருக்கும். முன்பணம் மாதாமாதம் குறைகிறதா, அப்படியே நிற்கிறதா என்று பாருங்கள். பாஸ்போர்ட்டும் அடையாள அட்டையும் யார் கையில் இருக்கின்றன? "பத்திரமாக இருக்கட்டும் என்றுதான் நாங்கள் வைத்திருக்கிறோம்" என்ற பதில் எப்போதும் தயாராக இருக்கும். பத்திரம்தான் நோக்கம் என்றால் ஒவ்வொருவருக்கும் பூட்டுள்ள பெட்டி ஒன்று கொடுத்து, சாவியை அவர்களிடமே விட்டுவிடலாமே. விடுதியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வெளியே போக அனுமதிக் கடிதம் வேண்டுமா என்பதையும் விசாரியுங்கள்.

சப்ளையர்களிடம் வரும்போது ஒரு வேண்டுகோள். உங்களுக்கு வந்த படிவத்தை அப்படியே இருநூறு பேருக்கு அனுப்பிவைக்காதீர்கள். எல்லோரும் "இல்லை" என்று நிரப்பி அனுப்புவார்கள், உங்கள் அலமாரிதான் நிறையும். புலம்பெயர்ந்தவர்கள், பருவகால ஆட்கள், தரகர் வழி வந்தவர்கள், உங்களிடம் சொல்லாமல் வெளியாருக்குக் கைமாற்றப்படும் வேலை ஆகியவை எங்கே அதிகமோ, அப்படிப்பட்ட பத்து இடங்களைப் பொறுக்குங்கள். பெரும்பாலும் அவை நூற்பு, சாயம், பஞ்சு பக்கம்தான் இருக்கும். பஞ்சு எங்கே விளைந்தது என்பதற்குக் காகிதம் கேளுங்கள். சீனாவின் ஷின்ஜியாங் பகுதியிலிருந்து வரும் பொருள்களைக் கட்டாய உழைப்பில் உருவானவை என்றே அமெரிக்காவின் 2021ஆம் ஆண்டுச் சட்டம் கருதுகிறது. அப்படி இல்லை என்று நிரூபிப்பது இறக்குமதியாளரின் பொறுப்பு. கட்டாய உழைப்பில் தயாரான பொருள்களைச் சந்தைக்குள் விடாத ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி 2027 டிசம்பரில் நடைமுறைக்கு வருகிறது. உங்கள் வாடிக்கையாளரின் திடீர் அக்கறைக்கு இவையும் காரணமாக இருக்கலாம்.

தணிக்கைச் சான்றிதழ் இருக்கிறதே என்பீர்கள். 2012 செப்டம்பரில் கராச்சியில் அலி எண்டர்பிரைசஸ் ஆடைத் தொழிற்சாலை தீப்பிடித்து, கதவுகள் பூட்டியிருந்ததால் வெளியேற முடியாமல் 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சர்வதேச அளவில் மதிக்கப்படும் சமூகப் பொறுப்புச் சான்றிதழ் அந்த ஆலைக்குக் கிடைத்துச் சில வாரங்களே ஆகியிருந்தன. பூட்டிய கதவே தணிக்கையில் தப்பிவிடும் என்றால், கண்ணுக்குத் தெரியாத கடன் எப்படிச் சிக்கும்? மேற்பார்வையாளர் பக்கத்தில் நிற்கும்போது யாரும் உண்மை பேச மாட்டார்கள். தொழிலாளியின் மொழி தெரிந்த ஒருவர், வளாகத்துக்கு வெளியே, அவருடைய ஓய்வு நேரத்தில் பேசவேண்டும். நம்பிக்கையான உள்ளூர்த் தொழிற்சங்கமோ தொண்டு நிறுவனமோ இருந்தால் அவர்களிடம் விடுவது நல்லது.

இனி உங்களுக்கு அவ்வளவாகப் பிடிக்காத பகுதி. போன பருவத்தில் எத்தனை ஆர்டர்களைக் கடைசி வாரத்தில் மாற்றினீர்கள்? சப்ளையருக்கு எத்தனை நாள் கழித்துப் பணம் கொடுத்தீர்கள்? கட்டுப்படியாகாத விலையும் நெருக்கும் கெடுவும் சேர்ந்தால், கட்டாய ஓவர்டைமும் சொல்லாமல் வெளியாருக்கு வேலையைக் கைமாற்றுவதும் தாமாகவே வந்துவிடும். மூன்று பேர் மட்டுமே உள்ள பிரிவு யார் அனுமதியும் கேட்காமல் சரிசெய்யக்கூடியது இது ஒன்றுதான்.

தேடினால் ஏதாவது கிடைக்கும். கிடைத்தவுடன் ஆர்டரை ரத்து செய்துவிடாதீர்கள். உங்கள் கை கழுவப்படும், ஆனால் கடன்பட்டவர் கடனோடு தெருவில் நிற்பார். உங்களிடம் பேசியவரின் பெயர் சப்ளையர் காதுக்குப் போகக்கூடாது. தரகருக்குக் கொடுத்த பணத்தை முழுவதும் திருப்பித் தரச் செய்யுங்கள். வேலைக்கு ஆள் சேர்க்கும் செலவு தொழிலாளியின் தலையில் விழக்கூடாது என்பதுதான் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 181ஆவது உடன்படிக்கையின் பொதுவிதி. தவணை போட்டுக் கொடுத்தாலும் தேதி எழுதி வாங்குங்கள். அடி, மிரட்டல், அடைத்துவைத்தல், சிறுவர்கள் என்று ஏதாவது தெரியவந்தால் அது உங்கள் கொள்முதல் பேச்சுவார்த்தையில் தீர்க்கும் விஷயமல்ல. பாதிக்கப்பட்டவரின் பாதுகாப்பை உறுதிசெய்துகொண்டு அதிகாரிகளிடம் போகவேண்டும். சப்ளையர் எதற்குமே மசியவில்லை என்றால் மட்டும் உறவை முறியுங்கள், அதையும் படிப்படியாகச் செய்யுங்கள்.

சரி, படிவத்தில் என்ன எழுதுவது? பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நவீன அடிமைமுறைச் சட்டம் ஆண்டுக்கு 3.6 கோடி பவுண்டோ அதற்கு மேலோ விற்றுமுதல் உள்ள நிறுவனங்களிடம், அடிமைமுறையைத் தடுக்க என்ன செய்தார்கள் என்று அறிக்கை கேட்கிறது. வேடிக்கை என்னவென்றால், "நாங்கள் எந்த நடவடிக்கையும் எடுக்கவில்லை" என்று எழுதினாலும் அந்தச் சட்டப்படி அது அறிக்கைதான். அந்த அளவுக்கு நீங்கள் போகவேண்டாம். "எங்களிடம் இல்லை" என்ற கட்டத்தை நிரப்பாமல் விட்டுவிட்டு, யாரிடம் கேட்டோம், என்ன கண்டோம், இன்னும் எந்த ஒப்பந்ததாரரைப் பார்க்கவில்லை, எப்போது பார்ப்போம் என்று ஒரு பக்கம் இணைத்து அனுப்புங்கள். அதன் அடியில், உங்களுக்கு அவர் தரும் விலையையும் கெடுவையும் பற்றி இரண்டு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.