வாழ்க்கைத் திருப்தி வினாத்தாள்: கேள்வி பதில்

கே: உளவியலாளர் எட் டீனர் குழுவின் ஐந்து வாக்கிய வாழ்க்கைத் திருப்தி அளவுகோலைத் தமிழாக்கினேன். ஐந்தாவது மட்டும் மற்றவற்றோடு ஒட்டவில்லை. என் தப்பா, அக்கா?

ப: பாதிதான். 1985 மூலக் கட்டுரையிலேயே அதுதான் மற்றவற்றோடு குறைவாக ஒட்டியது. முதல் மூன்றும் இன்றைய நிலையைக் கேட்க, இது பின்னோக்கிப் பார்க்கச் சொல்கிறது. மீதிப் பாதி உங்களுடையது. ‘மீண்டும் பிறந்தால் எதையும் மாற்ற மாட்டேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். ‘இன்னொரு பிறவியே வேண்டாம்’ என்று நினைக்கும் பாட்டி 1-ஐ (‘கொஞ்சமும் ஒப்பவில்லை’) வட்டமிட்டால், அது வாழ்க்கைத் திருப்திக்கான மதிப்பெண் அல்ல. அடுத்து, ‘மாட்டேன்’ என்பதை மறுப்பது இரட்டை எதிர்மறை. நிதானித்துப் படிப்பவரே தடுமாறுவார். ‘இதே வாழ்க்கையை முதலிலிருந்து வாழக் கிடைத்தாலும் ஏறக்குறைய இப்படியேதான் வாழ்வேன்’ என்று வைத்து, எட்டுப் பத்துப் பேரிடம் வாசித்துக் காட்டி, ‘இதை எப்படிப் புரிந்துகொண்டீர்கள்?’ என்று கேளுங்கள். அதற்கு முன் கணினியைத் திறக்காதீர்கள்.

கே: புதிதாக எழுதுகிறேன். எத்தனை வாக்கியம்?

ப: டீனர் குழுவினர் 48 வாக்கியத்தில் தொடங்கினார்கள். உணர்ச்சியை அளப்பவையும் காரணியோடு (ஒரே விஷயத்தை அளந்து சேர்ந்து ஏறி இறங்கும் வாக்கியக் கூட்டத்தோடு) சரியாகச் சேராதவையும் போய் 10; ஒன்றையே திருப்பிச் சொன்னவை போய் 5. நீங்களும் தாராளமாக எழுதி, கஞ்சத்தனமாக வையுங்கள்.

கே: ஆல்ஃபா, அதாவது வாக்கியங்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற எண், எவ்வளவு வேண்டும்?

ப: 0.7-க்கு மேல். 0.95-ஐத் தாண்டினால் மகிழாதீர்கள். ஒரே கேள்வியை ஐந்து வேடத்தில் கேட்டிருக்கிறீர்கள்.

கே: எல்லாமே நேர்க்கூற்று. எதற்கும் ‘ஆமா’ போடுபவரை எப்படிப் பிடிப்பது? இரண்டை எதிர்மறையாகத் திருப்பிப் போடலாமே?

ப: போட்டால் அந்த இரண்டும் தனிக் காரணியாகப் பிரியும். அது திருப்தியின் இன்னொரு முகமல்ல, ‘இல்லை’ என்ற சொல்லின் வேலை.

கே: விடமாட்டேன், அக்கா. களத்தில் நாம் வாசிக்க அவர்கள் தலையாட்டுகிறார்கள். அந்தச் சாய்வு சின்னதா?

ப: சின்னதில்லை, ஒப்புக்கொள்கிறேன். மருந்துதான் வேறு. கூடவே கான்ட்ரில் ஏணியையும் வையுங்கள்: 0 (மிக மோசமான வாழ்க்கை) முதல் 10 (மிகச் சிறந்த வாழ்க்கை) வரை படி, எதில் நிற்கிறீர்கள் என்ற கேள்வி. அங்கே தலையாட்ட ஒன்றுமில்லை. இரண்டும் சேர்ந்து ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். ஏணிக்கு முன்னால் கடன், கல்யாணம் பற்றிக் கேட்காதீர்கள். அந்த நினைப்பிலேயே படியைச் சொல்வார்கள்.

கே: ஐந்து வாக்கியத்துக்கும் சேர்த்து (5 முதல் 35 வரை) மதிப்பெண் 9 வந்தால் மனச்சோர்வா?

ப: இது நோயறியும் கருவி அல்ல. மருத்துவ உளவியலாளரைக் கேளுங்கள்.

கே: ஆல்ஃபா 0.96 வந்திருக்கிறது! நல்லதுதானே?

ப: மேலே பாருங்கள்.

கே: மறுசோதனை எப்போது?

ப: இரண்டு வாரம் கழித்து, அதே ஆட்களிடம். மூலத்தில் இரண்டு மாத இடைவெளியில் இரு முறை மதிப்பெண்களுக்கும் இடையே ஒட்டுறவு 0.82 (1 என்றால் முழுப் பொருத்தம்). முதல் நாளே தாளில் அடையாள எண் போடுங்கள். இல்லாவிட்டால் எந்தத் தாள் யாருடையது என்று இணைக்கவே முடியாது.