பாதம் கட்டிய வழக்கமும் என் மகளின் வாதமும்

கேள்வி: ஐயா, அந்தக் காலத்தில் சீனப் பெண்பிள்ளைகளின் பாதத்தை இறுகக் கட்டி வளரவிடாமல் செய்ததைக் கொடுமை என்று சொன்னேன். கல்லூரியில் படிக்கும் என் மகள், "அவரவர் பண்பாட்டுக்கு அவரவர் நியாயம், வெளியாள் தப்பு சொல்லக் கூடாது" என்கிறாள். யார் சொல்வது சரி?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: கொடுமைதான் அம்மா, நீங்கள் சொன்னது சரி. ஆனாலும் மகளின் பேச்சைத் தள்ளிவிடாதீர்கள். வெள்ளைக்காரர்கள் பிற மக்களை நாகரிகம் இல்லாதவர்கள் என்று சொல்லிக்கொண்டேதான் ஆண்டார்கள், அதற்கு மறுப்பாகத்தான் ஃபிரான்ஸ் போவாஸ் போன்ற மானிடவியலாளர்கள் எந்த வழக்கத்தையும் அந்த மக்களின் வாழ்க்கைக்குள் வைத்துப் பாருங்கள் என்றார்கள். ஐநா மனித உரிமைப் பிரகடனத்தைத் தயாரித்த நேரத்தில், 1947இல், மேற்கத்திய மதிப்பீடுகளை மட்டும் வைத்து அதை எழுதிவிடாதீர்கள் என்று அமெரிக்க மானிடவியல் சங்கம் அறிக்கையே விட்டது. தைப்பூசத்தன்று பினாங்கு தண்ணீர்மலைக் கோயிலில் அலகு குத்தியவரைப் பார்த்து ஒரு சுற்றுப்பயணி முகம் சுளித்தால் நமக்குச் சுருக்கென்று இருக்கிறதே, அந்த நியாயம்தான் இது.

சரி, ஆனால் அலகு குத்துபவர் தானே நேர்ந்துகொண்டு, விரதம் இருந்து வருகிறார். ஐந்தாறு வயதில் பாதம் கட்டப்பட்ட பிள்ளையை யார் கேட்டார்கள்? வலி யாருக்கு, வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வழி இருந்ததா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன், அது யாருடைய வழக்கமாக இருந்தாலும்.

அப்புறம், ஒரு பண்பாட்டுக்குள் எல்லாரும் ஒரே குரலில் பேசுவதும் இல்லை. பாதம் கட்டுவதை எதிர்த்துச் சங்கம் அமைத்த காங் யூவெய் சீனர், 1912இல் தடை போட்டதும் சீனக் குடியரசு. 1829இல் உடன்கட்டைக்குத் தடை வந்ததற்கு முன்பே அதை எதிர்த்துப் போராடிக்கொண்டிருந்தவர் ராம்மோகன் ராய், தேவதாசி முறையை ஒழிக்கப் பாடுபட்ட முத்துலட்சுமி ரெட்டியின் தாயாரே அந்த மரபில் வந்தவர். வெளியாள் வாயைத் திறக்கக் கூடாது என்றால், இப்படி உள்ளே நின்று போராடுகிறவர்களைத் தனியாக விட்டுவிட்டு, அங்கே அதிகாரம் உள்ளவர்கள் சொல்வதையே பண்பாடு என்று ஏற்றுக்கொள்கிறோம்.

நம் கதையையும் பாருங்கள். மலேசியாவில் இந்து ஆண்கள் வழக்கத்தைக் காட்டி இரண்டாம் தாரம் கட்ட முடிந்தது, 1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் 1982 மார்ச்சில் நடப்புக்கு வந்த பிறகுதான் அது நின்றது. நம் பண்பாட்டில் கை வைத்துவிட்டார்கள் என்று இன்றைக்கு எந்தப் பெண் வருத்தப்படுகிறார்? கல்யாணப் பேச்சில் இன்னும் சாதி கேட்கும் குடும்பங்கள் கோலாலம்பூரிலும் இருக்கின்றன; அது தப்பு என்று ஒரு சீனரோ மலாய்க்காரரோ சொன்னால், உனக்கென்ன தெரியும் என்று கேட்க மாட்டேன், அவர் பக்கம்தான் நிற்பேன்.