தலைமையகம் டெக்சஸுக்கு, வரி யாருக்கு? கேள்வி பதில்

கலிஃபோர்னியாவிலிருந்து டெக்சஸுக்கு இடம் மாறும் கம்பெனிகள் பற்றி நம் குழுவில் கேள்விகள் குவிந்துவிட்டன. மாநில வரிக் கணக்குகளோடு நெடுநாளாக மல்லுக்கட்டுபவன் என்பதால் பதில் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

ஃப்ரீமான்ட்டிலிருந்து ஒரு வாசகர்: டெஸ்லா டெக்சஸ் போய்விட்டது. இனி கலிஃபோர்னியாவுக்குக் கம்பெனி வரி கட்டாது, அப்படித்தானே?

அப்படி இல்லை. ஒரு கம்பெனிக்கு மூன்று விலாசம் உண்டு: சட்டப்படி பதிவான மாநிலம், தலைமையகம், ஆட்கள் உண்மையில் வேலை பார்க்கும் இடம். செய்தியில் இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பி அடிப்பார்கள். டெஸ்லா 2021 டிசம்பரில் தலைமையகத்தை பாலோ ஆல்டோவிலிருந்து ஆஸ்டினுக்கு மாற்றியது. பதிவு அப்போதும் டெலவேரில்தான் இருந்தது. 2024 ஜூனில் பங்குதாரர்கள் வாக்களித்த பிறகே அதுவும் டெக்சஸ் வந்தது. தொழிற்சாலை? உங்கள் ஊரில்தான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, உங்களுக்கே தெரியும். போதாக்குறைக்கு 2023 பிப்ரவரியில் பாலோ ஆல்டோவின் பழைய எச்பி கட்டடத்தில், ஆளுநர் நியூசமைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இதுதான் எங்கள் பொறியியல் தலைமையகம் என்று மஸ்க் அறிவித்தார்.

வரிக்கு வருவோம். கலிஃபோர்னியாவின் கம்பெனி வரி 8.84%. 2013 முதல் பெரும்பாலான கம்பெனிகளுக்கு ஒரே அளவுகோல்தான்: மொத்த விற்பனையில் கலிஃபோர்னியாவில் நடந்தது எத்தனை பங்கு? எண்ணெய் எடுப்பவர்கள், விவசாயம் செய்பவர்களுக்குக் கணக்கு வேறு. லாபம் 100 கோடி டாலர், விற்பனையில் ஐந்தில் ஒரு பங்கு கலிஃபோர்னியாவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 கோடிக்கு 8.84%, அதாவது சுமார் 1.77 கோடி டாலர் கட்ட வேண்டும். தலைமையகம் ஆஸ்டினில் இருந்தாலும் அண்டார்டிகாவில் இருந்தாலும் தொகை மாறாது.

டாலஸ் வாசகி: அப்படியானால் வரிக்காக யாரும் போவதில்லை என்கிறீர்களா சார்?

வரிக்காகவும் போகிறார்கள். ஆனால் அது கம்பெனியின் வரி இல்லை, கம்பெனியை நடத்துகிறவர்களின் வரி. கலிஃபோர்னியாவில் தனிநபர் வருமான வரி உச்சத்தில் 13.3%. பங்கு விற்ற லாபத்துக்கும் சலுகை கிடையாது, சம்பளத்துக்கு உள்ள அதே விகிதம்தான். டெக்சஸில் வருமான வரியே இல்லை. 2019இல் அரசியல் சாசனத்தைத் திருத்தி அந்தக் கதவையும் பூட்டிவிட்டார்கள். ஒரு கோடி டாலர் பங்கு லாபம் பார்க்கப்போகும் நிர்வாகிக்கு இது 12, 13 லட்சம் டாலர் விஷயம். முடிவெடுக்கும் மேஜையில் உட்கார்ந்திருப்பவர் அவர்தான் என்பதை மறக்க வேண்டாம். 2018 முதல் மாநில, உள்ளூர் வரிகளுக்கான மத்திய வரிக் கழிவை 10,000 டாலரோடு நிறுத்தியதும் அந்த வலியைக் கூட்டியது. 2025இல் அந்த வரம்பு 40,000 ஆனது, ஆனால் பெரிய வருமானக்காரர்களுக்கு அது படிப்படியாகக் குறைந்துவிடும்.

இன்னொரு காரணம், ஆட்கள் ஏற்கெனவே அங்கே இருப்பது. எண்ணெய்க் கம்பெனி செவ்ரான் 2024 ஆகஸ்டில் சான் ரமோனிலிருந்து ஹூஸ்டன் போவதாக அறிவித்தபோது, ஹூஸ்டனில் சுமார் 7,000 பேர் இருந்தார்கள், சான் ரமோனில் சுமார் 2,000. எச்பி என்டர்பிரைஸ் 2020இல் ஹூஸ்டனைத் தேர்ந்தெடுத்ததும் இதே கதைதான். அதன் தாய்க் கம்பெனி எச்பி 2002இல் ஹூஸ்டனின் கணினிக் கம்பெனியான காம்பேக்கை வாங்கியதிலிருந்து அங்கே பெரிய கூட்டம் இருந்தது. டொயோட்டா 2014இல் டாரன்ஸை விட்டு பிளேனோ போவதாக அறிவித்ததற்கு, கென்டக்கி, மிசிசிப்பி, சான் அன்டோனியோ தொழிற்சாலைகளுக்கு நடுவில் இருக்க வேண்டும் என்பது முக்கியக் காரணம். ஒரு காலத்தில் கார்கள் ஜப்பானிலிருந்து கப்பலில் வந்தன, அதற்குக் கடலோர ஊர் வசதியாக இருந்தது. உள்நாட்டிலேயே கார் செய்யத் தொடங்கியபின் துறைமுகத்தின் பக்கத்தில் இருந்து என்ன ஆகப்போகிறது?

இவை எல்லாவற்றையும்விடப் பெரியது வீட்டு விலை என்பது என் கருத்து. இளம் ஊழியருக்கு சான் ஹோசேயில் ஒரு வீடு வாங்கும் அளவுக்குச் சம்பளம் கொடுப்பது எந்தக் கம்பெனிக்கும் கட்டுபடியாகாது.

சாக்ரமென்டோ வாசகர்: டெக்சஸில் கம்பெனிகளுக்கு வரியே கிடையாதாமே?

யார் சொன்னது? ஃப்ரான்சைஸ் வரி என்று ஒன்று இருக்கிறது. லாபத்துக்குப் பதிலாக மார்ஜின் மீது, அதாவது வருவாயில் சில செலவுகளை மட்டும் கழித்த தொகை மீது போடுவது, பொதுவாக 0.75%, சில்லறை, மொத்த வியாபாரிகளுக்கு 0.375%. நஷ்டத்தில் ஓடும் கம்பெனிகூடக் கட்ட வேண்டி வரலாம். இதற்கு மேல் விற்பனை வரி 8.25% வரை, அப்புறம் கடுமையான சொத்து வரி.

சன்னிவேல் தம்பதி: இருவருக்கும் சேர்த்து 2 லட்சம் டாலர் வருமானம். ஆஸ்டின் போனால் எவ்வளவு மிஞ்சும்?

கூட்டாகத் தாக்கல் செய்தால் கலிஃபோர்னியா வருமான வரி ஏறக்குறைய 10,500 டாலர் வரும். எஸ்டிஐ, அதாவது உடல்நலக் குறைவால் வேலை செய்ய முடியாதவர்களுக்கான மாநிலக் காப்பீட்டுப் பிடித்தம், இன்னொரு 2,000 சொச்சம். ஆஸ்டினில் இவை இரண்டும் இல்லை. ஆனால் அங்கே 5 லட்சம் டாலருக்கு வீடு வாங்கினால் சொத்து வரி ஆண்டுக்கு 8,000, 9,000 என்று வந்து நிற்கும். சொந்த வீட்டுக்கான விலக்கைக் கேட்டு விண்ணப்பம் போட்டால் கொஞ்சம் குறையும், மறக்காமல் போடுங்கள்.

இப்போது உங்கள் நிலைமைதான் முடிவு செய்யும். நீங்கள் சன்னிவேலில் பல வருடம் முன்பே வீடு வாங்கியவர்கள் என்றால், 1978இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய சொத்து வரிச் சட்டமான 13ஆம் முன்மொழிவு உங்களைக் காப்பாற்றுகிறது. வரி மதிப்பு ஆண்டுக்கு 2%க்கு மேல் ஏறாது. டெக்சஸில் குடியிருக்கும் வீட்டுக்கே ஆண்டுக்கு 10% வரை ஏற்றலாம். அப்படிப்பட்டவர்களுக்கு வரியில் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. வாடகைக்கு இருப்பவர்கள் என்றால் லாபம் நிச்சயம் உண்டு, ஆனால் அதில் பெரும்பகுதி வீட்டு விலை வித்தியாசத்தில் வருவது. சம்பளத்தை அங்கத்திய விகிதத்துக்குக் குறைப்பார்களா என்பதை முதலில் கேளுங்கள். அதைக் கேட்காமலேயே லாரி பிடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பெயர் வேண்டாம் என்றவர்: ஆர்எஸ்யூ (கம்பெனி சம்பளத்தோடு தரும் பங்குகள்) நிறைய இருக்கிறது. டெக்சஸ் போய் வெஸ்ட் ஆனால், அதாவது அவை என் கைக்கு வந்தால், கலிஃபோர்னியா கேட்காதல்லவா?

கேட்கும். கொடுத்த நாளிலிருந்து வெஸ்ட் ஆகும் நாள் வரை, கலிஃபோர்னியாவில் வேலை செய்த நாட்களின் பங்குக்கு வரி உண்டு. நான்கு வருடத்தில் மூன்று வருடம் அங்கே இருந்திருந்தால் அந்த வருமானத்தில் முக்கால்வாசிக்கு அவர்கள் வரி கேட்பார்கள். வெஸ்ட் ஆனபின் பங்கை வைத்திருந்து, டெக்சஸ்வாசியாக விற்றால் வரும் கூடுதல் லாபத்தில் அவர்கள் கைவைக்க முடியாது. மாறிய வருடம் பகுதி ஆண்டு மட்டும் குடியிருந்தவர்களுக்கான 540என்ஆர் படிவம் தாக்கல் செய்ய வேண்டும். ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பதிவு எல்லாவற்றையும் மாற்றுங்கள். மனைவி, பிள்ளைகள், வீடு கலிஃபோர்னியாவில், நீங்கள் மட்டும் டெக்சஸ் விலாசத்தில் என்றால் வரித்துறைக் கடிதத்துக்குக் காத்திருங்கள்.

பிளசன்டன் வாசகர்: அண்ணா, எச்-1பி வேலை விசாவில் இருக்கிறேன். கம்பெனி ஹூஸ்டன் வரச் சொல்கிறது. கிரீன் கார்டு வரிசை என்ன ஆகும்?

நம்மவர்களுக்கு வரியைவிட இதுதான் பெரிய விஷயம் தம்பி. வேலை செய்யும் இடம் வேறு பெருநகரப் பகுதிக்கு மாறினால், மாறுவதற்கு முன்பே எச்-1பி திருத்த மனு போட வேண்டும். 2015 முதல் இது தெளிவான விதி. பெர்ம், அதாவது கிரீன் கார்டுக்கு முதல் படியான தொழிலாளர் சான்று, ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு, அந்த இடத்தின் நிலவர ஊதியத்துக்கு வாங்கியது. அன்றாடம் போய்வரும் தூரத்தைத் தாண்டி வேலை நிரந்தரமாக மாறினால் பொதுவாகப் புதிய பெர்ம் தேவை. அடுத்த படியாகக் கம்பெனி போடும் ஐ-140 மனு ஏற்கெனவே அனுமதிக்கப்பட்டிருந்தால் உங்கள் முன்னுரிமைத் தேதி, அதாவது வரிசையில் உங்கள் இடம், கையைவிட்டுப் போகாது, அதே தேதியோடு புதிய மனுவில் தொடரலாம். கடைசிப் படியான ஐ-485 விண்ணப்பம் போட்டு 180 நாள் தாண்டியிருந்தால், ஒத்த வேலையாக இருக்கும்வரை கவலை குறைவு. ஐ-140 வருவதற்கு முன்பே மாறச் சொல்கிறார்கள் என்றால், அது வரும்வரை இங்கேயே இருக்க அனுமதி கேளுங்கள். புதிய பெர்ம் செலவு கம்பெனியுடையது, சட்டமே அப்படித்தான். வக்கீலிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

லாஸ் ஏஞ்சலிஸ் வாசகர்: எல்லாரும் போனால் கலிஃபோர்னியா மூழ்கிவிடுமா?

2024 கணக்கில் அதன் பொருளாதாரம் சுமார் 4.1 லட்சம் கோடி டாலர். ஜப்பானைத் தாண்டி, தனி நாடாக இருந்தால் உலகில் நான்காவது என்று ஆளுநர் அலுவலகம் கொண்டாடியது. டெக்சஸ் சுமார் 2.7 லட்சம் கோடி. என்விடியா, ஆப்பிள், கூகுள் இன்னும் அங்கேதான். செயற்கை நுண்ணறிவுக் கம்பெனிகள் சான் ஃபிரான்சிஸ்கோவில் அலுவலகம் தேடி அலைகின்றன. மூழ்கும் கப்பலில் இப்படி இடம் பிடிக்க மாட்டார்கள்.

கவலைப்பட வேண்டியது கஜானாவைப் பற்றி. வருமான வரியில் பாதிக்கு நெருக்கமான பங்கை உச்சியில் இருக்கும் 1% பேர் கட்டுகிறார்கள். பங்குச் சந்தை ஏறினால் பணம் கொட்டும், இறங்கினால் வறண்டுவிடும். 2022 மே மாதம் 9,750 கோடி டாலர் உபரி என்றார் ஆளுநர். 2023 டிசம்பரில் சட்டமன்றத்தின் நிதி ஆய்வாளர் 6,800 கோடி டாலர் பற்றாக்குறை என்றார். இடையில் முழுதாக இரண்டு வருடம்கூட ஆகவில்லை! இந்த நிலையில் ஒரு தலைமையகம் போவதைவிட, பெரும் பங்குதாரர்கள் சிலர் வீட்டை மாற்றிக்கொள்வது பட்ஜெட்டை அதிகம் கடிக்கும். செய்தியில் வருவது தலைமையகம்தான்.

இன்னொன்று, நடுத்தரக் குடும்பங்களின் வெளியேற்றம். 2020 கணக்கெடுப்புக்குப் பின் கலிஃபோர்னியா வரலாற்றில் முதன்முறையாக ஒரு நாடாளுமன்ற இடத்தை இழந்தது. 53 இருந்தது 52 ஆனது. டெக்சஸ் 36லிருந்து 38. இவர்கள் 13.3% கட்டிக்கொண்டிருந்தவர்கள் இல்லை. வீடு கிடைக்காமல் போனவர்கள். வரியைக் குறைத்தால் இவர்கள் திரும்பி வருவார்கள் என்று நான் நம்பவில்லை. வீடு கட்ட விட்டால் சிலர் வரலாம்.

டெக்சஸ் மட்டும் சொர்க்கமா? 2021 பிப்ரவரிக் குளிரில் பல நாள் மின்சாரம் இல்லாமல் தவித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஆனால் அங்கே வீடு கட்ட விடுகிறார்கள். 2022க்குப் பிறகு ஆஸ்டினில் வாடகை இறங்கியது அதனால்தான்.

ரவுண்ட் ராக் வாசகர்: கம்பெனிகளுக்குச் சலுகை கொடுத்துக் கூப்பிடுவது பலன் தருகிறதா?

எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. ஜெனரல் எலக்ட்ரிக் 2016இல் கனெக்டிகட்டை விட்டு பாஸ்டன் வந்தது, மாநிலமும் நகரமும் சலுகைகளை அள்ளிக் கொடுத்தன. கம்பெனி சரிந்ததும் திட்டம் சுருங்கியது. 2019இல் மாசசூசெட்ஸுக்கு 8.7 கோடி டாலர் திருப்பித் தருவதாக அறிவித்தது. ஆரக்கிள் 2020இல் ஆஸ்டின் வந்தது, 2024இலேயே அதன் நிறுவனர் லாரி எலிசன், டென்னசியின் நாஷ்வில் எங்கள் உலகத் தலைமையகம் ஆகும் என்றார். டெக்சஸில் பள்ளிச் சொத்து வரியைப் பத்து வருடம் குறைத்துக் கொடுத்த 313ஆம் அத்தியாயம் என்ற சட்டம் விமர்சனத்துக்கு ஆளாகி 2022 முடிவில் காலாவதியானது. அடுத்த வருடமே வேறு பெயரில் ஒன்றைக் கொண்டு வந்தார்கள்!

கேட்டி வாசகி: எது நல்ல கட்சி ஆட்சி என்று சொல்லிவிடுங்களேன்.

மாட்டேன்.

சான்டா கிளாராவிலிருந்து ஒரு தம்பி: ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

இரண்டு இடம். ஒன்று, போட்டிக் கம்பெனியில் சேரக்கூடாது என்ற நிபந்தனை. கலிஃபோர்னியாவில் 1872 முதலே அது செல்லாது. சிலிக்கான் வேலியில் ஆட்கள் சுலபமாக வேலை மாறுவதற்கு அது பெரிய காரணம். டெக்சஸில் நியாயமான அளவில் இருந்தால் செல்லும். இடமாற்றத்தோடு புதிய ஒப்பந்தம் நீட்டினால் இதைத் தேடிப் படியுங்கள்.

இரண்டு, சாமான் மாற்றக் கொடுக்கும் பணம். 2018 முதல் மத்திய வரிக்கு அது சம்பளம் மாதிரிதான். 10,000 கொடுத்தால் 10,000 கையில் நிற்காது. அந்த வரியையும் சேர்த்துத் தரும்படி, அதாவது கிராஸ்-அப் செய்யும்படி கேளுங்கள். ஒன்று இரண்டு வருடத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையும் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். கம்பெனியே வேலையை விட்டு நீக்கினால் அது பொருந்தாது என்று எழுதி வாங்குங்கள்.