மகள் கேட்ட கேள்வியிலேயே அவளுக்கான படிப்பு இருக்கிறது

போன வாரம் கோத்தகிரியிலிருந்து ஓர் அம்மாவும் பிளஸ் டூ முடித்த மகளும் மேற்படிப்புக்கு ஆலோசனை கேட்டு என்னிடம் வந்தார்கள். கல்வி உதவித்தொகை கேட்டு எழுதிய ஆங்கிலக் கடிதம் ஒன்று போனில் இருந்தது. பெரியப்பா மகன் ஏ.ஐ. செயலியில் போட்டு இரண்டே நிமிடத்தில் எடுத்துக் கொடுத்தானாம். "இனிமே எல்லாத்தையும் மெஷினே எழுதிடும், பிள்ளையை ஏ.ஐ. டேட்டா சயின்ஸ்லயே சேர்த்துடுங்க, மேனேஜ்மென்ட் கோட்டாவுல சீட் இருக்கு" என்று பெரியப்பா நெருக்குகிறார். அந்த அம்மாவுக்கான என் பதில் இது.

அம்மா, பயப்படாதீர்கள் என்றுதான் பேச்சைத் தொடங்கினேன். போனைப் பார்த்ததும் அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. மகளின் ஆதார் எண், உங்கள் வங்கிக் கணக்கு, வருமானச் சான்றிதழ், உங்கள் ஆபரேஷன் விவரம் என எல்லாமே அந்தச் செயலிக்குள் போயிருந்தன.

இந்தச் செயலிகளால் பயன் இல்லை என்று சொல்ல மாட்டேன். தமிழ் வழியில் படித்த பிள்ளையின் ஆங்கிலத்தில் பிழை திருத்த, கடிதத்துக்கு ஒரு வடிவம் பிடிக்க நன்றாகவே உதவும். ஆனால் பெரும்பாலான செயலிகளில் நாம் தட்டுவது நம் போனோடு நிற்பதில்லை, அந்த நிறுவனத்தின் கணினிக்குப் போகிறது. 2018-இல் ஆங்கிலப் பிழை திருத்தும் கிராமர்லி நிறுவனத்தின் பிரவுசர் நீட்சியில் (பிரவுசரோடு சேர்க்கும் துணை நிரல்) ஒரு பாதுகாப்பு ஓட்டை இருப்பதை கூகுள் ஆய்வாளர் ஒருவர் கண்டுபிடித்தார். பயனர் திறக்கும் எந்த இணையதளமும் அவருடைய கிராமர்லி கணக்கில் இருக்கும் ஆவணங்களை எடுத்துவிட முடியும் என்ற நிலை. உடனே சரிசெய்தார்கள். ஆனாலும் பெயரையும் எண்களையும் நீக்கிவிட்டு ஒட்டுவதுதான் நமக்குப் பாதுகாப்பு.

அப்போது உங்கள் மகள் ஒன்று கேட்டாள்: "அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆப்ல இங்கிலீஷ்ல வர்ற அந்த நிபந்தனையை அம்மா ஒத்துக்கிட்டாங்கன்னு எப்படி சார் சொல்ல முடியும்?"

சட்டமும் இதைத்தான் கேட்கிறது. 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, நம் விவரங்களைப் பயன்படுத்த ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளில் படிக்கவும் வழி இருக்க வேண்டும். தமிழ் அதில் உண்டு. 18 வயது ஆகாதவர்கள் என்றால் பெற்றோர் ஒப்புதல் வேண்டும். விதிகள் 2025 நவம்பரில் வெளிவந்து, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. சட்டமும் தெரிந்து, தெளிவான தமிழும் எழுதத் தெரிந்தவர்களுக்கு இனி வேலை இருக்கிறது.

தாத்தாவின் பட்டாவில் சர்வே எண் தப்பாக இருந்ததைக் கண்டுபிடித்து, தாலுகா ஆபீசுக்கு மனு எழுதியவள் அவள். அந்தக் கண்ணுக்கு ஏற்றது ஐந்தாண்டு பி.ஏ., எல்.எல்.பி. கோவை மருதமலை சாலையில் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. நுழைவுத்தேர்வு கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்குத் தகுதி உண்டு, அதில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே ஏற்கிறது. புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் தனியாக வரும். படித்து முடித்ததும் வழக்கறிஞராகப் பார் கவுன்சிலில் பதியப் பொதுப்பிரிவினருக்கு 750 ரூபாய்க்கு மேல் வாங்கக்கூடாது என்று 2024-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய்தான். அகில இந்திய பார் தேர்வும் எழுத வேண்டும். ஜூனியராக இருக்கும் முதல் சில வருடம் வருமானம் குறைவு, இதை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

பொறியியல் கவுன்சலிங் பற்றி உங்களுக்குச் சொல்லப் பத்துப் பேர் இருக்கிறார்கள், நான் வேறு எதற்கு? ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். தேயிலைத் தோட்டத்தை அடகு வைத்து அந்த சீட்டை வாங்காதீர்கள். இலை விலை ஏறி இறங்குவது உங்களுக்குத் தெரியாததா? வட்டி இறங்காது. கணக்குப் பாடமே பிடிக்கவில்லை என்று அவள் உங்கள் எதிரில்தான் சொன்னாள். பெரியப்பாவின் அக்கறையை நான் மதிக்கிறேன், ஆனால் நான்கு வருடம் வகுப்பில் உட்காரப்போவது அவள்.

இன்று இரவே அந்த உரையாடலைச் செயலியிலிருந்து அழித்துவிடுங்கள், மகளின் ஆதாரில் கைரேகை, கருவிழிப் பதிவை வேறு யாரும் பயன்படுத்தாதபடி பயோமெட்ரிக் பூட்டையும் போடுங்கள். உதவித்தொகைக் கடிதத்தை அவளே தமிழில் எழுதட்டும், ஆங்கிலமாக்க நான் கூட உட்காருகிறேன். அடுத்த முறை பெரியப்பாவையும் அழைத்து வாருங்கள். அப்புறம், தாலுகா ஆபீசுக்கு அவள் எழுதிய மனுவின் நகலை மறக்காமல் எடுத்து வாருங்கள், அதை அவரிடம் நானே படித்துக் காட்டுகிறேன்.