பதில்: சிலிக்கான் ஆனோடு பத்தே சுற்றில் படுத்துவிடுகிறது

லித்தியம் பேட்டரிக்காக நீங்கள் செய்த சிலிக்கான் ஆனோடு (எதிர்மின்முனை) முதல் சார்ஜ்-டிஸ்சார்ஜ் சுற்றில் கிராமுக்கு 3000 மில்லி ஆம்பியர் மணி கொள்ளளவு தந்தது, பத்தாவதில் வெறும் 400, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். சிலிக்கான் தூளைக் குறை சொல்லும் முன் பைண்டரை, அதாவது துகள்களை ஒட்டிவைக்கும் பசையை, பாருங்கள். நீங்கள் போட்டிருப்பது பிவிடிஎஃப் என்ற ஃப்ளோரின் பாலிமர். வழக்கமான கிராஃபைட் ஆனோடுக்கு அது போதும். லித்தியம் ஏறினால் கிராஃபைட் பத்து சதவீதம்தான் உப்பும். சிலிக்கானோ கிட்டத்தட்ட நான்கு மடங்காகிறது. பிறகு சுருங்கும்போது, பிவிடிஎஃப்போடு வேதிப் பிணைப்பு இல்லாததால் துகள் கழன்று மின்தொடர்பை இழக்கிறது. செல்லைப் பிரித்துப் பாருங்கள், செம்புத் தகட்டிலிருந்து கறுப்புப் பூச்சு செதில் செதிலாக உதிரும். நானும் அள்ளியிருக்கிறேன்.

சிஎம்சி (கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ்) என்ற பைண்டருக்கு மாறுங்கள். வெறும் தண்ணீரில் வேண்டாம். பிஎச் 3 அளவில் சிட்ரிக் அமிலத் தாங்கல் கரைசலில் (பிஎச் மாறாமல் காக்கும் கரைசல்) குழையுங்கள். அப்போதுதான் அதன் கார்பாக்சில் தொகுதிகள் சிலிக்கான் மேலுள்ள ஆக்சைடுத் தோலோடு நன்றாகப் பிணையும். துகள் 150 நானோமீட்டரைத் தாண்டினால் எந்தப் பைண்டரும் காப்பாற்றாது, துகளே வெடிக்கும்.

அப்புறம், எலக்ட்ரோலைட்டில் 10 சதவீதம் எஃப்இசி (ஃப்ளோரோஎத்திலீன் கார்பனேட்) என்ற சேர்க்கைப்பொருளைச் சேருங்கள். லித்தியம் ஏற்றும்போது மின்னழுத்தத்தை 5 மில்லிவோல்ட் வரை இறக்காமல் 70-இல் நிறுத்திப் பாருங்கள். கொள்ளளவு கொஞ்சம் குறையும். ஆனால் 50 மில்லிவோல்ட்டுக்குக் கீழே உருவாகும் லித்தியம்-சிலிக்கான் படிக நிலையின் தொல்லை இருக்காது.