வாடகையை மாதாமாதம் இழுத்தடித்துத் தருபவரைக் காலி செய்யச் சொல்லலாமா?

கேள்வி: சென்னையில் வீடு வாடகைக்கு விட்டிருக்கிறேன். 5ஆம் தேதி வர வேண்டிய வாடகை 20, 25 என்று இழுக்கிறது. என்ன செய்யலாம்?

தாமதத்தை மட்டும் காட்டிக் காலி செய்ய வைக்க முடியாது. 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, 2 மாத வாடகை பாக்கி நிற்க வேண்டும். அதைக் கேட்டு நீங்கள் கொடுத்த நோட்டீஸ் கைக்குக் கிடைத்து 1 மாதத்துக்குள் முழுப் பாக்கியும் வராவிட்டால்தான் வாடகை நீதிமன்றத்தில் மனு போடலாம். சென்னையில் அது சிறுவழக்கு நீதிமன்றத்தில் நடக்கும். 25ஆம் தேதிக்காவது கொடுத்துவிடுபவர் இதில் சிக்கவே மாட்டார்.

அதனால் முதலில் சம்பளம் எப்போது வருகிறது என்று கேளுங்கள். 7ஆம் தேதி என்றால் கெடுவை 10 ஆக்கி, அதைத் தாண்டினால் எவ்வளவு வட்டி என்பதையும் அக்ரிமெண்டில் எழுதுங்கள். எழுதியிருந்தால் நோட்டீஸில் வட்டியையும் சேர்த்துக் கேட்கலாம்.

பெரும்பாலும் காரியம் கெடுவது துண்டு துண்டாக வரும் பணத்தில்தான். 15,000 வாடகைக்கு ஜிபேயில் 8,000 வரும், பத்து நாள் கழித்து 5,000 வரும். எந்த மாதக் கணக்கு என்று பிறகு இருவருக்குமே சண்டை. பணம் வந்த அன்றே "ஜூன் வாடகையில் 8,000 வரவு, மீதி 7,000" என்று ரசீது கொடுத்துவிடுங்கள். "அட்வான்ஸில் கழிச்சுக்குங்க" என்றால் தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். கடைசியில் கரண்ட் பில்லுக்கும் பெயிண்டுக்கும் கையில் எதுவும் மிஞ்சாது.

நோட்டீஸில் மொத்தத் தொகை மட்டும் போதாது: ஜூன் 15,000, ஜூலை 15,000, பராமரிப்பு 3,000, ஆக 33,000 என்று பிரித்து எழுதிக் கையெழுத்திட்டு, ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள். வாட்ஸ்அப் செய்தியை மட்டும் நம்பி இருக்காதீர்கள். நோட்டீஸ் கிடைத்த அந்த 1 மாதத்துக்குள் முழுசாகக் கட்டிவிட்டால் அந்தப் பாக்கிக்காக வெளியேற்ற உத்தரவு கிடைக்காது. ஆனால் ஒருமுறை அப்படித் தப்பியவர் அதன் பிறகு ஏதாவது ஓராண்டில் தொடர்ந்து 2 மாதம் தவறினால் அந்தச் சலுகை மறுபடி கிடையாது. அதற்காகவே பழைய நோட்டீஸ், ஒப்புகை, ரசீது எல்லாம் பத்திரமாக இருக்கட்டும்.

எவ்வளவு ஆத்திரம் வந்தாலும் தண்ணீர் மோட்டாரை நிறுத்துவது, ஃபியூஸைப் பிடுங்குவது, பூட்டுப் போடுவது வேண்டவே வேண்டாம். அத்தியாவசிய வசதிகளைத் துண்டிக்கச் சட்டம் அனுமதிக்கவில்லை. குடியிருப்பவர் இந்தச் சட்டப்படி அரசு நியமித்திருக்கும் வாடகை அதிகாரியிடம் புகார் கொடுத்தால், பாக்கி வைத்தவரை விட்டுவிட்டு உங்களைத்தான் விசாரிப்பார்கள்.

எழுத்து அக்ரிமெண்ட் இல்லையா? அரசின் வாடகை இணையதளத்தில் பதிவாகும்படி இந்த மாதமே போட்டுவிடுங்கள்.